வீட்டுக்குப் போய் எடுத்த வாக்கு

நான் தேர்தல் மேசையில் இருக்கப் பெயர் கொடுத்ததை எங்கள் பங்குத் தந்தை ஒருமுறை பூசையில் புகழ்ந்து சொல்லிவிட்டார். புதிதாகக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு நல்ல முன்மாதிரி என்றார். நான் குனிந்துகொண்டு இருந்தேன். உண்மையில் எனக்கு எந்த நாட்டுத் தேர்தலிலும் சொட்டு நம்பிக்கை இருக்கவில்லை. கள்ளம் எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் பெயர் கொடுத்தேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு வாக்கு வந்த முதல் தேர்தலில், மன்னாரில், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. மேசையில் இருந்தவர் பட்டியலில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உம்மடை வோட்டுப் போட்டாச்சு" என்றார். நான் போடவில்லை என்றேன். விரலில் மை இல்லை என்று நீட்டிக் காட்டினேன். அவர் விரலைப் பார்க்கவே இல்லை. "ஆரோ போட்டிட்டினம். அடுத்த ஆள் வாங்கோ" என்றார். அவருடைய குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த நாட்டில் நான் வாக்குப் போடப் போனதில்லை.

இத்தாலிக்கு, சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். முதலில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு பெரிய கட்டடத்தில் போர்த்தியேரே வேலை கிடைத்தது. வாசல் பக்கத்துச் சின்ன அறையில் இருந்து, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்ப்பது, கடிதங்களைப் பிரிப்பது, படிகளைக் கழுவுவது. வாசலில் இருப்பவனுக்குச் சந்தேகம் தொழில். வெறுங்கையோடு மேலே போனவன் பையோடு இறங்கினால் நான் கவனிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அது எனக்குள் ஊறிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான் என்று மனைவி சொல்வாள்.

குடியுரிமை கிடைத்து, மாநகரசபையில் சத்தியம் செய்த சில மாதங்களில் தேர்தல் உதவியாளர் பட்டியலில் பெயரைப் பதிந்தேன். ஸ்க்ருத்தத்தோரே என்று இங்கே சொல்வார்கள். வாக்காளரின் அட்டையைச் சரிபார்ப்பது, சீட்டுக் கொடுப்பது, கடைசியில் எண்ணுவது. நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது கூப்பிட்டார்கள். மனைவிக்கு விருப்பம் இல்லை. "பிழை ஏதும் நடந்தால் முதல்லை உங்களைத்தான் பாப்பினம். கையெழுத்து வைக்க முதல் எல்லாத்தையும் வாசிச்சுப் பாருங்கோ" என்றாள். அவளும் என்னைப்போலத்தான். தான் அப்படி இல்லை என்று நினைக்கிறாள், அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்தது ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பள்ளிக்கூடம். தேர்தலுக்கு முதல்நாள் பின்னேரம் போனேன். சுவரில் பிள்ளைகள் கீறிய மீன் படங்கள், சின்னக் கதிரைகள். எங்கள் சாவடிக்குத் தலைவி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மெல்லிய ஆள், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். செயலாளரைத் தலைவியே தெரிந்தெடுக்கலாம் என்பது இங்கத்தைய சட்டம். அவள் தெரிந்தெடுத்தது தன் கணவனை. மேசையின் ஒரு பக்கத்தில் மனைவி, மற்றப் பக்கத்தில் கணவன். எனக்கு அங்கேயே மனம் அரித்தது. என்னோடு இன்னும் மூன்று உதவியாளர்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பல்கலைக்கழகப் பெண் ஒருத்தி, யாரோடும் கதைக்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளைஞன்.

நாங்கள் சீட்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது நடைபாதையில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும், நல்ல சப்பாத்து, நல்ல மேல்சட்டை. தலைவி எழுந்து வெளியே போனாள். இரண்டு பேரும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்தபடி குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். திரும்பி வந்து, "எங்கே விட்டோம்?" என்று கேட்டாள். நான் குத்தின முத்திரைகளை இன்னொருமுறை எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் இருந்து மத்தியானம் வரைக்கும் நான் கண் வெட்டாமல் பார்த்தேன். ஆட்கள் வந்தார்கள், அட்டையைக் காட்டினார்கள், கைபேசியை மேசையில் வைத்தார்கள், மறைப்புக்குள் போனார்கள். சீட்டின் ஓரத்தில் இலக்கம் போட்ட ஒரு துண்டு இருக்கும். போட்டு மடித்துக்கொண்டு வந்ததும் தலைவி அந்த இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்து, துண்டைக் கிழித்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவாள். வெளியில் நிரப்பிய சீட்டை யாரும் மாற்றிக் கொண்டுவராமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒருமுறைகூட அவள் அதைத் தவறவிடவில்லை. ஒரு பிழையும் கண்ணில் படாதது என் சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்தது. என்னையும் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒரு கிழவர் தன் அட்டையை என்னிடம் தராமல், என் கைக்கு மேலால் பல்கலைக்கழகப் பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கி என்னிடம் தந்தாள். நான் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் அவரிடம் கொடுத்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு தலைவி ஒரு விசயம் சொன்னாள். படுக்கையை விட்டு எழும்ப முடியாத, மூச்சு இயந்திரத்தோடு இருக்கிற ஒரு அம்மா எங்கள் வட்டாரத்தில் இருக்கிறாள். அப்படியானவர்களின் வாக்கை வீட்டுக்குப் போய் எடுத்துவர வேண்டும். தலைவியும் செயலாளரும் போவார்கள், ஒரு உதவியாளரும் கூடப் போக வேண்டும். யார் என்பதைச் சீட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். நாலு துண்டில் எங்கள் பெயரை எழுதி, ஒரு கோப்பிக் கோப்பையில் போட்டுக் குலுக்கி, அந்தக் கைபேசி இளைஞனை எடுக்கச் சொன்னாள். என் பெயர் வந்தது. வெளிநாட்டுக்காரன், ஒன்றும் விளங்காது, வாயைத் திறக்க மாட்டான் என்று என்னை ஒழுங்கு பண்ணி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மற்ற மூன்று துண்டுகளையும் விரித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

மூன்று தெரு தள்ளித்தான் வீடு. நடந்துபோகும்போது தலைவி விளக்கினாள். அந்த அம்மாவுக்குக் கை நடுக்கம், கண்ணும் குறைவு என்று மருத்துவர் சான்று கொடுத்திருக்கிறார். அதனால் துணையாக ஒருவர் அவளுக்காகச் சீட்டில் புள்ளடி போடலாம். துணை வருகிறவர் இந்த நாட்டு வாக்காளராக இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் தலைவி இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். இவரை நீங்களாகத் தெரிந்தெடுத்தீர்களா? இவருடைய பெயரும் குடும்பப் பெயரும் என்ன? அந்த அம்மாவின் வாயால் பதில் வர வேண்டும். "மகன் இருக்கிறார். ஐந்து நிமிட வேலை" என்றாள். கணவன் சீட்டுகள் இருந்த உறையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் பின்னால் வந்தான்.

மேல்மாடியில் கதவு திறந்தது. திறந்தவர் முதல்நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து தலைவியின் முழங்கையைப் பிடித்துக் கதைத்த அதே மனிதர்.

மன்னாரில் அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது இருந்த அதே உணர்வு. இதோ, பிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோசமும் அதோடு சேர்ந்து வந்தது. மகன் எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் கோப்பியும் இனிப்பும் வைத்திருந்தார். தலைவி கோப்பி வேண்டாம் என்றாள். அவர் இரண்டாம் தரமும் கேட்டார். அவள் இரண்டாம் தரமும் வேண்டாம் என்றாள்.

உள்ளே இருந்து தண்ணீர்க் குவளையோடு ஒரு பெண் வந்தாள். எங்கள் ஆள், ஒரு தமிழ்ப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். என் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் என்ன இஞ்சை?" என்றாள்.

பேச்சில் வன்னி ஆள் என்று தெரிந்தது. அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கடமையில் இருக்கும்போது இவளோடு தமிழில் கதைக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. மகன் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். எல்லோரும் அறைக்குள் நுழையும்போது அவள் எனக்குக் கிட்ட வந்து, முகத்தைத் திருப்பாமல், மெல்லச் சொன்னாள்.

"அண்ணை, அம்மாவுக்கு இடக்காது கேக்காது. வலப்பக்கம் நிண்டு கேக்கச் சொல்லுங்கோ."

இவளுக்கு ஏன் அந்த அக்கறை என்றுதான் முதலில் யோசித்தேன். எந்தக் காதில் கேட்டால் இவளுக்கு என்ன? யாரோ இவளுக்கு ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவேளை, இந்த வீட்டில் கள்ளம் செய்கிறவர் மகன் இல்லை, இவள்தானோ.

அந்த அம்மா உயர்த்திய கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் இருந்தாள். தலைமயிரை வாரி, நல்ல சால்வை போர்த்தியிருந்தார்கள். மூக்கில் மெல்லிய குழாய். கட்டிலின் வலப்பக்கத்தில் மூச்சு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்தில் ஒரு கதிரை தயாராகப் போட்டிருந்தது. மகன் தலைவியை அதில் இருத்தினார்.

தலைவி தன்னை அறிமுகப்படுத்தினாள். அம்மா சிரித்துத் தலையாட்டினாள். இவர் உங்களுக்கு உதவி செய்வதை விரும்புகிறீர்களா என்று மகனைக் காட்டிக் கேட்டாள். தலையாட்டினாள். நீங்களாகத்தான் இவரைத் தெரிந்தெடுத்தீர்களா? அதற்கும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். இவருடைய பெயர் என்ன, சின்யோரா? அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

"அதிகம் பேச மாட்டா, பிரெசிதெந்தே" என்றார் மகன். "களைத்துப் போயிருக்கிறா. தலையாட்டினது போதும்தானே."

தலைவியின் கணவன் பேனாவைத் திறந்தான். நான் தலைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பெண் சொன்னதை நான் நம்பவில்லைதான், ஆனால் அந்தக் கதிரையை அதைவிட நம்பவில்லை. அதனால் வாயைத் திறந்தேன். மற்றப் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள், இந்தக் காது கேட்காதாம் என்றேன்.

மகன் அந்தப் பெண்ணிடம் திரும்பி, அவனுக்கு என்ன சொன்னாய் என்று கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்தாள். தலைவி எழுந்தாள். வலப்பக்கம் போக இடம் இல்லை. பெண் போய் இயந்திரத்தைச் சக்கரத்தோடு இழுத்து ஒதுக்கினாள். தலைவி அந்த இடுக்கில் குனிந்து நின்று, அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்டாள். உங்களுக்காகப் புள்ளடி போட யாரைத் தெரிந்தெடுத்தீர்கள்? அவருடைய பெயரும் குடும்பப் பெயரும் சொல்லுங்கள்.

அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் ஒரு பெயரைச் சொன்னாள். மகனின் பெயர் இல்லை. தன்னைப் பார்க்கிற அந்தப் பெண்ணின் பெயர். முழுப் பெயர். முதலில் அவளுடையது, பிறகு அவளுடைய தகப்பனுடையது, கடவுச்சீட்டில் இருப்பதுபோல. அந்தத் தகப்பன் பெயர் சின்னப் பெயர் இல்லை. நடுவில் ஒரு ழகரம் வேறு. எங்கள் ஆட்களே ளகரமாகச் சொல்லிவிட்டுப் போகிற அந்த எழுத்தை அவள் நாக்கை மடித்துத் தேடிப் பிடித்துச் சொல்லி முடித்தாள். இத்தனை வருடத்தில் என்னுடைய பெயரை ஒரு இத்தாலியர் வாயால் முழுதாகக் கேட்டதில்லை. சத்தியம் செய்யும் அன்று மாநகரசபையில்கூடப் பாதியில் விட்டுவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு அது என்ன பெயர் என்றே முதலில் விளங்கவில்லை. அந்த வீட்டில் அவளை ஒரு சின்ன இத்தாலியப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு விளங்கியது. ஒரு சிசிலியக் கிழவிக்கு இந்தப் பெயர் எப்படி இவ்வளவு சுத்தமாக வரும்? சொல்லிக் கொடுத்து, திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தால் மட்டும்தான் வரும். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மகனுக்குக் குரல் உயரவில்லை. நான் அதை எதிர்பார்த்தேன், நடக்கவில்லை. அம்மாவுக்கு மனம் குழம்பிப் போயிருக்கிறது என்றார். பிறகு, இந்த இரண்டு பேரும் தங்கள் மொழியில் கதைத்தார்கள், அதற்குப் பிறகுதான் இது நடந்தது, அதை அறிக்கையில் எழுத வேண்டும் என்றார். எழுத வைப்பது அவருடைய உரிமை. தலைவி என்னிடம் திரும்பினாள். அந்தப் பெண் உங்களுக்கு என்ன சொன்னாள் என்று கேட்டாள். நான் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லையா? வேறு ஒன்றும் இல்லை. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை. கணவன் அவ்வளவையும் எழுதினான், என் பெயரைக் கடவுள் புண்ணியத்தில் எழுத்துப் பிழையில்லாமல். என் மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

தலைவி மறுபடியும் வலப்பக்கம் போய்க் குனிந்து, இந்தப் பெண் இங்கே வாக்காளர் இல்லை, அதனால் துணை வர முடியாது என்று விளக்கினாள். மகன் கட்டிலின் காலடியில் நின்றார்.

"மம்மா, உங்களுக்கு என்னில் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார்.

"மருந்துக்கு நம்புகிறேன்" என்றாள் அம்மா. "வாக்குக்கு இல்லை."

பிறகு தலைவியைப் பார்த்து, அப்படியென்றால் யாரும் வேண்டாம், பென்சிலைத் தாருங்கள் என்றாள்.

இனித்தான் தலைவி வளைந்து கொடுப்பாள் என்று நினைத்தேன். சான்று இருக்கிறது, மகன் இருக்கிறார், நேற்றுப் பிடித்த முழங்கை இருக்கிறது. அவள் கைபேசியை எடுத்து மாநகரசபைத் தேர்தல் அலுவலகத்துக்கு அடித்தாள். நீண்ட நேரம் காத்திருந்தாள். யாரோ எடுத்தார்கள். ஓம், ஓம் என்று கேட்டுவிட்டு வைத்தாள். துணை என்பது வாக்காளருக்கு உள்ள வசதி, கட்டாயம் இல்லை என்றாள். மகனைப் பார்த்து, தயவுசெய்து அறைக்கு வெளியே போங்கள் என்றாள். அந்தப் பெண்ணையும் போகச் சொன்னாள்.

இரண்டு பேரும் போனார்கள். நான் குசினியில் இருந்து ஒரு தட்டத்தைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தேன். தலைவி அம்மாவுக்கு அவளுடைய கண்ணாடியைப் போட்டுவிட்டாள். நாடாளுமன்றத்தின் இரண்டு சபைக்குமாக இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்று, மஞ்சள் சீட்டு ஒன்று, அழிக்க முடியாத அந்தப் பென்சில். அம்மா பென்சில் முனையை நாக்கில் தொட்டு ஈரமாக்கினாள். அந்தக் காலத்துப் பழக்கமாம். உதட்டில் ஊதா நிறம் ஒட்டிக்கொண்டது. நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பினோம்.

எனக்கு முன்னால் இருந்தது சுவர் இல்லை, ஒரு அலுமாரியின் கண்ணாடி. அதில் கதவு தெரிந்தது. கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. அந்த இடுக்கில் மகனின் மேல்சட்டை தெரிந்தது, அதற்கு மேலே ஒரு கண். அவர் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எங்கே புள்ளடி போடுகிறாள் என்று பார்த்தாரா, அல்லது பென்சில் பிடிக்கத் தெரியாமல் கஷ்டப்படுகிறாளா என்று பார்த்தாரா, அது எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் பின்பக்கமாக இரண்டு அடி வைத்து, முதுகால் கதவைச் சாத்தினேன்.

நெடுநேரம் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது, நின்றது, திரும்பவும் கேட்டது. கடைசியில் "முடிஞ்சுது" என்றாள். இரண்டு சீட்டையும் தானே மடித்திருந்தாள். தலைவி இலக்கத்தை ஒப்பிட்டுத் துண்டுகளைக் கிழித்தாள். சீட்டுகள் உறைக்குள் போயின. வெளியே வரும்போது மகன் உள்ளே போனார். தாயின் தலையணையை நிமிர்த்தி, கைலேஞ்சியைத் தண்ணீரில் நனைத்து, உதட்டில் இருந்த ஊதாவைத் துடைத்தார். அவள் முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

திரும்பி நடக்கும்போது தலைவி தானாகவே சொன்னாள். அந்த மகன் தன்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவராம். எத்தனை மணிக்கு வருவீர்கள், அம்மாவைத் தயார்படுத்த வேண்டும் என்று கேட்கத்தான் முதல்நாள் வந்தாராம். "பலேர்மோவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்" என்றாள். நான் கேட்காமலே ஏன் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய கணவன் அன்று முதல் தடவையாக வாயைத் திறந்து, "அந்தக் கதிரையை நானும் கவனித்தேன்" என்றான். அவ்வளவுதான்.

வாக்குகளை எண்ணி முடிய விடிந்துவிட்டது. நடுங்கின கையால் போட்ட புள்ளடி எது என்று நான் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் நடுங்கின புள்ளடிகள் நிறைய இருந்தன, எல்லாக் கட்சிக்கும் இருந்தன. எங்கள் வட்டாரத்தில் வயது போனவர்கள்தான் கூட.

அதற்குப் பிறகு பல கிழமைகள் எனக்கு நிம்மதி இல்லை. அறிக்கையில் என் பெயர் இருக்கிறது. குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் தலைமையகத்தில், இருந்து கூப்பிடுவார்கள், குடியுரிமையைத் தோண்டுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் தபால் வந்ததும் கட்டடத்துக் கடிதங்களுக்கு முதல் எனக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் வரவில்லை. வராமல் இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கறியைக் கிண்டினாள்.

ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெண்ணைக் கண்டேன். அவள் சைவ சமயக்காரி, ஆனாலும் ஆட்களைப் பார்த்துக் கதைக்கலாம் என்று பூசைக்கு வருகிறவள். வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதே வீட்டில்தான் நிற்கிறாள் என்றாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லும். ஆருக்குப் போட வேணும் எண்டு நீர் அவவுக்கு ஏதும் சொன்னனீரே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

"நீங்களும் மகனை மாதிரித்தான் கேக்கிறியள், அண்ணை" என்றாள். "எனக்கு இஞ்சத்தைக் கட்சியளின்ரை பேரே தெரியாது. இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கத் தெரியும், அவ்வளவுதான்."

பிறகு ஆறுதலாகச் சொன்னாள். போன தேர்தலில் அம்மாவால் சக்கரக் கதிரையில் போக முடிந்ததாம். மகன்தான் துணைக்குப் போயிருக்கிறார். அம்மா ஒன்றைச் சொல்ல, அவர் இன்னொன்றில் போட்டுவிட்டார் என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம். கண் வடிவாகத் தெரியாதபடியால் நிச்சயம் இல்லை. புள்ளடி போட்டபோது பென்சில் போன பக்கம் பிழையாய் இருந்தது என்று மட்டும் சொல்லுவாளாம். அங்கே பெயரும் குடும்பப் பெயரும் கேட்டது அவளுக்கு ஞாபகம். யாருடைய பெயரைச் சொல்கிறோமோ அவரைத்தான் விடுவார்கள் என்று நினைத்துவிட்டாள். அதனால் இந்தமுறை, வீட்டுக்கு வந்து வாக்கு எடுப்பார்கள் என்று கடிதம் வந்த நாளில் இருந்து, அம்மா இவளிடம், குளிக்க வார்க்கும்போதும் சாப்பாடு தீத்தும்போதும், உன்னுடைய முழுப் பெயரைச் சொல்லு, திரும்பச் சொல்லு என்று கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறாள்.

"எதுக்கு எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். எனக்கு வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரியிலை சொல்லக் கேக்கிறா எண்டு நினைச்சன்" என்றாள்.

"மகன் இப்ப எப்பிடி?"

"இப்ப ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாறார். முந்திக் கிழமைக்கு ஒருக்கால்தான். இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து எங்களோடை இருக்கிறார். போன கிழமை என்னட்டைத் தமிழ் படிப்பிக்கச் சொல்லிக் கேட்டார். நாங்கள் என்ன கதைக்கிறம் எண்டு விளங்க வேணும் அவருக்கு. நான் 'சாப்பிட்டியளே', 'மழை பெய்யுது' எண்டு ரெண்டு மூண்டு சொல்லிக் குடுத்தனான். வடிவாப் பிடிக்கிறார்."

அது அன்பாக இருக்கலாமே என்று நான் சொன்னேன். எனக்கே அந்த வார்த்தை வாயில் புதிதாக இருந்தது.

"இருக்கலாம்" என்றாள் அவள். "அவர் வெளிக்கிட்ட பிறகு கதவைத் திறந்து பாப்பன். ரெண்டு தரம் படியிலை நிண்டு காது குடுத்துக்கொண்டு இருந்தவர். அம்மாவுக்குச் சொன்னன். அவ, அவனுக்குத் திட்டுற சொல்லு ரெண்டு படிப்பிச்சு விடு எண்டு சொல்லிச் சிரிக்கிறா."

பஸ் வந்தது. வாறன் அண்ணை என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணின் கதை உண்மையாக இருக்குமா என்று கேட்டேன். பாதியை நம்பலாம் என்றாள் மனைவி. எந்தப் பாதி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.